காத்திருக்கவும் உயிர் வேண்டும்

மூணாற்றிலிருந்து தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, மறையூர்ச் சந்தன வனத்தின் வேலியை ஒட்டிச் சென்று, அங்கிருந்து மலையேறும் பாதையில் திரும்புகிறவர்களுக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பிரதேசத்தில், ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், சரிவில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களின் நடுவே காந்தலூர் தென்படும். (இராஜராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தி பேசும் காந்தளூர்ச் சாலை தென் கேரளக் கரையோரத்தைச் சேர்ந்தது; இது வேறு ஊர்.) கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அடங்கியதாயினும் இங்கே வீட்டு மொழி தமிழ். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு; மதுரைச் சீமையிலிருந்து முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது கர்ணபரம்பரை. மேலே பூண்டும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் பிளம்ஸும் விளைகின்றன. கீழே மறையூர்ப் பள்ளத்தாக்கில் கரும்பு விளைந்து, ஆலையில் பிழியப்பட்டு, கொப்பரையில் காய்ச்சப்பட்டு, உருண்டை வெல்லமாகி, 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்று, நாடெங்கும் செல்கிறது. இனிப்பைக் காய்ச்சி ஜீவனம் நடத்தும் இப்பிரதேசத்தில், இனிப்பைச் சரீரம் ஏற்க மறுக்கும் வியாதியோடு ஒரு பிள்ளை வளர நேர்ந்தால் அதன் நித்திய வாழ்க்கை எவ்வாறு இருக்கும், அதன் நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் உண்டு என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் வகை நீரிழிவு எனப்படும் இந்நோய், வயது முதிர்ந்தோரிடம் நாம் சாதாரணமாகக் காணும் சர்க்கரை வியாதியன்று. நேற்றுவரை வயல் வரப்பில் ஓடித் திரிந்த பிள்ளை சில வாரங்களுக்குள் இளைத்துப்போகும். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்று ஆண்டுகள் பல ஆனபின்பும் மறுபடியும் நனைக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வீட்டுப் பெரியவர்கள் கண்டு, காரணம் தோன்றாமல் திகைப்பார்கள். இந்த நிலையிலேயே நோயைக் கண்டுகொண்டால் பெரும் அபாயம் நீங்கும். கண்டுகொள்ளாவிட்டால், சரீரம் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, வாந்தியும் வயிற்று வலியும் உண்டாகி, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்து, பழம் அழுகியது போன்ற வாடை வாயில் வீச, பிள்ளை நினைவிழந்துவிடும். வயிற்று வலியைக் குடல்வால் வீக்கம் என்றும், மூச்சிரைப்பை நிமோனியா என்றும், சோர்வை விஷக்காய்ச்சல் என்றும் எண்ணிச் சிகிச்சை செய்வதில் மணிகள் கழிவதுண்டு. அந்த மணிகளிலேயே உயிர் போவதும் உண்டு. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது என்பதை நினைக்கும்போது, இம்மரணங்களைப் போலத் தவிர்க்கத் தகுந்த மரணங்கள் வேறு சிலவே என்று எனக்குத் தோன்றுகிறது.

காரணம் என்ன? பிள்ளை மிட்டாய் தின்றதன்று. தாய் கர்ப்ப காலத்தில் வெல்லம் உண்டதன்று. ஒருவர் செய்த பாவமோ குடும்பத்தின் சாபமோ அன்று. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம், எந்த ஊரிலும் முதற்பழி தாயின் தலைமேலேயே விழுகிறது என்பதுதான். வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில், 1869ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ் முதன்முதலில் கண்டு எழுதிய சிறு திட்டுகள் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரப்பவை. அந்நிய கிருமிகளோடு போராட வேண்டிய நமது சரீரத்தின் காவற்படை, இன்னும் முழுவதும் துலங்காத காரணங்களால், அந்தச் செல்களையே பகையென்று கருதி அழித்துவிடுகிறது. அழிந்தபின் இன்சுலினை வெளியிலிருந்து செலுத்தியே ஆகவேண்டும். காந்தலூர்ப் படிவயல்களில் மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு நீர் விடுகிறவர், மடையை எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மழையும் வெயிலும் பயிரின் பருவமும் பார்த்து ஒவ்வொரு நாளும் தாமே தீர்மானிப்பதுபோல, ஆரோக்கியமான மனிதருக்குக் கணையம் பேசாமற் செய்துவிடும் காரியத்தை, இந்நோயாளி விழித்திருக்கும் வேளையெல்லாம் தம் புத்தியால் செய்யவேண்டியவராகிறார்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு இந்நோய் என்பது மரணத்தின் மறுபெயராகவே இருந்தது. அக்காலத்து வைத்தியர்களில் அமெரிக்கரான பிரெடரிக் ஆலன் என்பவர், உணவை மிகவும் குறைத்துப் பட்டினிக்கு அருகில் நோயாளியை வைத்திருந்தால் சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஆயுளை நீட்டலாம் என்று கண்டார். அந்தக் கொடிய சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் ஒருத்தி எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளிவிவகார மந்திரியாக விளங்கிய சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். 1919இல், பதினோரு வயதில், நோய் கண்டது. 1922 ஆகஸ்டு மாதம் கனடாவின் டொரண்டோ நகருக்கு அவளை அழைத்துச் சென்றபோது பதினைந்து வயதை நெருங்கிய அப்பெண்ணின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அங்கே, அதற்கு முந்திய ஆண்டில், பிரெடரிக் பாண்டிங் என்னும் இளம் சத்திர வைத்தியரும், சார்லஸ் பெஸ்ட் என்னும் மாணவரும், மக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் நாயின் கணையத்திலிருந்து சாற்றைப் பிரித்திருந்தார்கள்; ஜேம்ஸ் காலிப் என்னும் ரசாயன நிபுணர் அதைச் சுத்திகரித்தார். 1922 ஜனவரி 11ஆம் தேதி லியோனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அது போதிய பலன் தரவில்லை. காலிப் தூய்மை செய்த சாறு அம்மாதம் 23ஆம் தேதி செலுத்தப்பட்டபோது சர்க்கரை இறங்கிற்று. எலிசபெத் அதற்குப் பின் திருமணம் செய்து, குழந்தைகளைப் பெற்று, எழுபத்து மூன்று வயது வரை வாழ்ந்து, 1981இல் காலமானார்.

இன்னொருவர் லண்டன் நகரத்து ராபின் லாரன்ஸ். சத்திர சிகிச்சை கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நோய் வெளிப்பட்டது; பெற்றோர் கண்முன் சாக விருப்பமின்றி இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குச் சென்று, அங்கே சிறு அளவில் வைத்தியத் தொழிலும் நடத்திக்கொண்டு, முடிவை எதிர்பார்த்திருந்தார். 1923இல் லண்டனிலிருந்து தோழர் ஒருவர், மருந்து கிடைத்துவிட்டது, பலனும் அளிக்கிறது, உடனே திரும்புக என்று செய்தி அனுப்பினார். அவர் கைகால் தளர்ந்த நிலையில் ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து வந்து சேர்ந்து, ஊசி போட்டுக்கொண்டு, பிறகு நாற்பத்தைந்து ஆண்டுகள் உயிரோடிருந்து, தம்மைப்போன்ற ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை செய்தார், எச்.ஜி. வெல்ஸ் என்னும் நூலாசிரியரோடு சேர்ந்து 1934இல் நீரிழிவாளர் சங்கத்தையும் நிறுவினார். இவ்விருவரின் சரித்திரத்தை இங்கே விரித்துரைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நிவாரணம் பிறக்கும் நாளில் அதைப் பெற்றுக்கொள்ள உயிரோடு இருந்தவர்கள் இவர்கள். சில வாரங்கள் முந்தி இறந்தவர்களுக்கு டொரண்டோவின் கீர்த்தியால் யாதொரு பயனும் இல்லை.

ஆனால் அன்று கிடைத்தது நோய்முறிவு அல்ல என்பதைப் பாண்டிங் தாமே நோபல் உரையில் தெளிவாகக் கூறினார். இன்சுலின் சிகிச்சையே தவிர குணமாக்கும் மருந்தன்று. பிறகு நூறாண்டுக் காலமாக அந்தச் சிகிச்சை படிப்படியாகச் சீர்பட்டது: மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்த இன்சுலின், 1982இல் மரபணுத் தொழில்நுட்பத்தால் உண்டாக்கிய மனித இன்சுலினுக்கு வழிவிட்டது. இன்சுலின் அணுக்கூட்டத்தின் முப்பரிமாண உருவத்தை 1969இல் உலகுக்குக் காட்டிய டோரதி ஹாட்ஜ்கினுடைய ஆக்ஸ்போர்டு குழுவில், திருச்சூருக்கு அருகிலுள்ள சேர்ப்பில் பிறந்த எம். விஜயன் என்னும் இளைஞரும் இருந்தார். பின்னாளில் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். காந்தலூரில் ஒரு பிள்ளை காலையில் தொடையில் ஏற்றிக்கொள்ளும் மருந்தின் வரலாற்றில், அதே மாநிலத்தவர் ஒருவரின் உழைப்பும் கலந்திருக்கிறது என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லித்தந்தால் நன்று.

இனி அந்தக் காலைப் பொழுதைப் பார்ப்போம். எழுந்தவுடன் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கவேண்டும். எவ்வளவு இருக்கிறது, என்ன சாப்பிடப் போகிறோம், சாப்பிட்டபின் பள்ளிக்கு நடந்து ஏறவேண்டுமா, பஸ்ஸில் போகலாமா, இன்று விளையாட்டு உண்டா, சளி பிடித்திருக்கிறதா என்பவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து எத்தனை யூனிட் என்று நிச்சயிக்கவேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஒன்று, உணவோடு வேலை செய்யும் இன்சுலின் மற்றொன்று. ஆகவே நாளொன்றுக்கு நான்கு ஊசி என்பது சாதாரணம். இரண்டு இட்லிக்குப் பதில் மூன்று இட்லி தின்றாலும், ஒரு மணி நேரம் பந்து விளையாடினாலும், கணக்கு மாறிப்போகும். பூண்டு வயலில் களையெடுக்கப் போகும் தாயோடு விடுமுறை நாளில் மேட்டில் ஏறி இறங்கும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கிவிடும்: கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும், பேச்சுக் குழறும், கவனியாவிட்டால் நினைவு தப்பும். ‘லோ ஆயிடுச்சு’ என்று இந்நோயாளிகள் எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்நேரத்தில் குளுக்கோஸ் தூளோ, சர்க்கரை கரைத்த தண்ணீரோ, கைவசம் இருக்கும் மறையூர் வெல்லமோ உயிர் காக்கும் ஔஷதம். அதே வெல்லத்தை, ‘வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், வெல்லம் ஒன்றும் செய்யாது’ என்று உறவினர் அன்போடு எடுத்துக் கொடுக்கும்போது அது கணக்கில் சேராத சர்க்கரையாகி, மாலைக்குள் அளவை ஏற்றிவிடுகிறது. வெல்லத்திலுள்ளதும் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையே. நிறம் மாறியதால் குணம் மாறுவதில்லை.

மருந்தைப் பேணுவதும் ஒரு வித்தை. குப்பியைத் திறவாதவரை குளிர்ச்சியில் வைக்கவேண்டும். உறைந்துபோனாலோ அது கெட்டது, பின்பு உருகினாலும் பயன்படாது. திறந்த குப்பியை மிதமான அறைச் சூட்டில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். குளிர்ப்பெட்டி இல்லாத, பழங்குடியினரான முதுவர் வாழும் குடியிலும், மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் மழைநாளிலும், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் சிறு பானையை வைத்து அதில் குப்பியைப் பாதுகாக்கலாம். காந்தலூரின் இயற்கைக் குளிர் இவ்விஷயத்தில் சமவெளி ஊர்களைக் காட்டிலும் அனுகூலமானது. இதைவிட முக்கியமாக எச்சரிக்கவேண்டியது ஒன்று உண்டு. நம் தேசத்தில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவில் போடும் குழலில் வருவது 100 யூனிட். முன்னதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்குரியதற்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்துவிட்டால் சரீரத்தில் சேர்வது இரண்டரை மடங்கு. உறங்கும் பிள்ளை எழாமலே போகக்கூடும். மருந்துக் கடையில் நிற்கும் ஒவ்வொரு தகப்பனாரும் மூடியின் நிறத்தைப் பார்த்து வாங்கவேண்டும் என்று இப்பத்திரிகையின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இரவைப் பற்றி எழுதாமல் விட்டால் இவ்வாழ்க்கையைப் பற்றி எழுதியதாகாது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் பிள்ளை கூப்பிடாது. ஆகையால் நடுநிசியில் எழுந்து உறங்கும் பிள்ளையின் விரலைக் குத்திப் பார்க்கும் தாய்மார் எத்தனையோ பேர். கையில் ஒட்டிக்கொண்டு இடைவிடாமல் சர்க்கரை அளவைக் காட்டும் சிறு கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. அளவு குறைந்தால் அவை ஒலியெழுப்பும். அவற்றோடு இணைந்து தானே இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் பம்புகளும் உள்ளன. அவற்றின் விலை, வெல்ல ஆலையில் கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு எட்டாதது. எட்டும்படி செய்யலாம் என்பதை நிரூபித்தது கேரள அரசு: சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் ‘மிட்டாயி’ என்னும் திட்டம், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்த பதினெட்டு வயதுக்குட்பட்ட முதல் வகை நீரிழிவாளர்களுக்கு இன்சுலின், பேனா, பரிசோதனைப் பட்டைகள் ஆகியவற்றை விலையின்றி அளிப்பதோடு, தேவைப்படுவோருக்குப் பம்பும் இடைவிடாது அளக்கும் கருவியும் அளிக்கும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டது. கோட்டயம் முதலிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதன் மையங்கள் உள்ளன. இந்தியாவில் ஓர் அரசு இப்பிள்ளைகளைத் தனியாக எண்ணிப்பார்த்துச் செய்த காரியங்களில் இதைத் தலைசிறந்ததாக நான் மதிக்கிறேன்.

ஆயினும் காந்தலூருக்கும் கோட்டயத்துக்கும் நடுவே மலைத்தொடரே கிடக்கிறது. ஒரு நாள் கூலியை இழந்து, விடியுமுன் பஸ்ஸேறி, மலையாளத்தில் சொல்லப்படும் கணக்கைத் தமிழில் மனத்துக்குள் மாற்றி, இருட்டியபின் வீடு திரும்பும் தகப்பனார், இரண்டு யூனிட் குறைக்கச் சொன்னார்களா கூட்டச் சொன்னார்களா என்று வழியில் ஐயுற நேருமானால், விலையில்லா மருந்தாலும் முழுப்பயன் விளையாது. அஞ்சுநாட்டுப் பிள்ளைகளுக்கு மருந்தளவுக் குறிப்பும் உணவுக் குறிப்பும் ‘லோ’ ஆனால் செய்யவேண்டிய உதவியும் தமிழில் அச்சிடப்பட்டுப் பள்ளி ஆசிரியர் மேஜையிலும் இருக்கவேண்டும். மறுபக்கம் சின்னாறு வனத்தினூடே மலையிறங்கினால் உடுமலைப்பேட்டை. அதைத் தாண்டிக் கோயம்புத்தூர். காந்தலூர்க்காரர்கள் சாமான் வாங்கவும் பெண் கொடுக்கவும் வைத்தியம் பார்க்கவும் பன்னெடுங்காலமாக இறங்கும் திசை அது. கோவையில் வைத்தியர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தோற்றுவித்த ‘இதயங்கள்’ என்னும் அறக்கட்டளை, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் பட்டைகளும் அளித்து வருகிறது. சென்னையில் 1948ஆம் ஆண்டிலேயே ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விசுவநாதன் என்னும் வைத்தியர் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, பின்பு ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே கட்டினார். இத்துறையில் தமிழ்நாட்டின் ஞானத்திற்கு நீண்ட பரம்பரை உண்டு. எல்லைக்கோட்டின் இருபுறத்து ஞானமும் மலையுச்சியில் வந்து சந்திக்கவேண்டும்; குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்று பார்த்துப் பிள்ளையைத் திருப்பியனுப்பும் நிலை எங்கும் இருத்தலாகாது.

பதினெட்டு வயதுக்குப் பிறகு என்ன என்னும் வினாவும் எழுகிறது. நோய் பதினெட்டில் நின்றுவிடுவதில்லை. அவ்வயதில்தான் பிள்ளை கல்லூரிக்கோ வேலைக்கோ ஊரைவிட்டுப் போகிறது. பெண்ணாயின் திருமணப் பேச்சு எழுகிறது. ஊசி போடுவதைச் சம்பந்தி வீட்டார் அறியாதபடி மறைத்து மணம் முடிப்பதும், மணமான பின் மறைவில் ஊசி போட முடியாமல் வேளைகளைத் தவறவிட்டு ஆபத்துக்குள்ளாவதும், வைத்தியர்கள் வருத்தத்தோடு சொல்லும் செய்தி. நன்கு பேணப்பட்ட முதல் வகை நீரிழிவுள்ள பெண் ஆரோக்கியமான குழந்தையைப் பெறமுடியும். கருத்தரிக்குமுன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் தேவை. இதை மறைத்துச் செய்ய இயலாது. ஆகவே, சொல்லிவிட்டு மணம் பேசும் தைரியத்தைப் பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டிய கடமை மாப்பிள்ளை வீட்டாருடையது.

‘எம் புள்ளைக்கு இது எப்போ முழுசா சரியாகும்?’ என்று கேட்காத தாய் இல்லை. இந்தக் கேள்வியின் ஏக்கத்தை முதலில் அறிந்துகொண்டவர்கள் விஞ்ஞானிகளல்லர், போலி வைத்தியர்களே. நாற்பத்தெட்டு நாளில் வேரோடு அறுப்பதாகப் பொடியும், கணையத்தை மீண்டும் தளிர்க்கச் செய்வதாக லேகியமும், ஊசியை நிறுத்தினால்தான் மருந்து பிடிக்கும் என்னும் நிபந்தனையும், எல்லா ஊர்களிலும் விற்பனையாகின்றன. மூலிகைகளின் மேல் எனக்குப் பகையில்லை. மலைக்காட்டு முதுவர்களின் மருந்தறிவு மரியாதைக்குரியது. ஆனால் அழிந்த பீட்டா செல்லை முளைக்கவைக்கும் மூலிகை எதுவும் நிரூபணமாகவில்லை. முதல் வகையில் இன்சுலினை முழுதும் நிறுத்தினால் சில தினங்களுக்குள், சிலருக்கு ஒரே நாளில், அமிலம் சேர்ந்து உயிருக்கு இறுதி நேரும். நோய் கண்ட புதிதில், ஊசி தொடங்கிய பின், மிச்சமிருக்கும் செல்கள் சிறிது தெளிந்து, மருந்தளவு மிகக் குறைந்துவிடும் காலம் ஒன்று வருவதுண்டு. தேனிலவுக் காலம் என்று வைத்தியர்கள் அதைச் சொல்வார்கள். சரியாக அச்சமயத்தில் வந்து சேரும் பொடிக்காரர், தம் பொடியால்தான் ஊசி குறைந்தது என்று மெய்ப்பித்துவிடுகிறார். மாதங்கள் சென்று அக்காலம் முடியும்போது, நம்பி ஊசியை விட்ட பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. ஏக்கத்தை விலைக்கு விற்கும் இக்கொடுமையைச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கவேண்டும்.

மெய்யான நம்பிக்கை எங்கே இருக்கிறது? அது இருக்கிறது, முன்னெப்போதையும்விடப் பலமாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் கனடாவின் எட்மண்டன் நகரில் ஜேம்ஸ் ஷாப்பிரோவும் சகாக்களும், இறந்தவர்கள் தானமளித்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து ஏழு நோயாளிகளின் ஈரலுக்குள் செலுத்தி, ஏழு பேருமே ஊசியின்றி வாழ்வதைக் காட்டினார்கள். உலகம் மகிழ்ந்தது. ஆனால் ஒருவருக்கே இரண்டு மூன்று கணையங்கள் தேவைப்பட்டன. ஐந்தாண்டு கழிந்தபோது அம்முறையில் சிகிச்சை பெற்றவர்களில் பத்தில் ஒருவரே ஊசியின்றி நிலைத்தனர். அப்படியாயின் செல்களை ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்தால் என்ன? ஹார்வர்டு பேராசிரியர் டக்ளஸ் மெல்டனுக்கு இது வெறும் ஆராய்ச்சி வினாவாக இருக்கவில்லை. அவருடைய மகனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்நோய் கண்டது. பின்பு மகளுக்கும் கண்டது. தவளை முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அந்தத் தகப்பனார் தம் ஆய்வுக்கூடத்தையே திருப்பி, பல ஆண்டுப் பிரயத்தனத்திற்குப்பின் 2014இல், மூலச்செல்களிலிருந்து பீட்டா செல்களை ஏராளமாக உண்டாக்கும் வழியை வெளியிட்டார்.

அவ்வழியில் தோன்றிய சிமிஸ்லெசெல் என்னும் செல் சிகிச்சையின் பரிசோதனை முடிவு 2025 ஜூன் மாதம் வெளியாயிற்று. முழு அளவு செல்களை ஒரே தடவையாகப் பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேர், ஓராண்டு நிறைவில், இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தனர். இச்செய்தியைப் படித்த நோயாளிகளில் கண்ணீர் விடாதவர் இருந்திருக்க மாட்டார்கள். எனினும் மற்றொரு பக்கத்தையும் எழுதியாகவேண்டும்: அச்செல்களைச் சரீரம் தாக்காதிருக்க, நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்துகளை அவர்கள் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும், அப்பரிசோதனையில் சேர்ந்தவர்களில் ஒருவர் மூளையுறையில் பூஞ்சைத் தொற்று உண்டாகி இறந்தார். ஆகையால் இப்போதைக்கு இது, உணர்த்தாமலே சர்க்கரை அடிக்கடி அபாயமாக இறங்கும் பெரியவர்களுக்கான சிகிச்சை; ஓடியாடும் பிள்ளைகளுக்கல்ல. எதிர்ப்பாற்றலை அடக்காமலே செய்ய முடியுமா என்பதே அடுத்த கேள்வி. ஸ்வீடனின் உப்சாலா நகரில், தானமாகப் பெற்ற திட்டுச் செல்களின் மரபணுக்களைத் திருத்திச் சரீரத்தின் காவற்படைக்குத் தென்படாதவாறு செய்து, நாற்பத்திரண்டு வயதினர் ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து ஏதுமின்றியே அவை உயிர்த்து இன்சுலின் சுரந்தன என்று 2025இல் அறிவித்தார்கள். வைத்தது சிறு அளவாதலால் அவர் ஊசியை நிறுத்த முடியவில்லை. ஆனால் வழி திறந்தது. சீனாவில் டெங் ஹோங்க்குய் என்பவரின் குழுவினர், இருபத்தைந்து வயதுப் பெண்ணொருத்தியின் சொந்தக் கொழுப்புத் திசுவிலிருந்தே செல்களை மாற்றியெடுத்து அவள் வயிற்றுத் தசையில் வைக்க, சில மாதங்களுக்குள் அவள் ஊசியின்றி வாழ்ந்ததை 2024இல் தெரிவித்தார்கள். முன்பே ஈரல் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டு அடக்கும் மருந்து உட்கொண்டிருந்தவள் அவள் என்பதையும் மறவாமல் வாசிக்கவேண்டும். நோய் முற்றுமுன்பே தாக்குதலைத் தணித்து, சராசரியாக ஈராண்டுகள் ஒத்திப்போடும் டெப்லிசுமாப் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது. ஒரு பிள்ளைக்கு வரவேண்டிய நோய் இரண்டு வருஷம் தள்ளி வருமானால், அந்த இரண்டு வருஷத்தின் அருமையைத் தாயே அறிவாள்.

இந்தப் புதிய சிகிச்சைகள் காந்தலூர் வந்து சேர எத்தனை ஆண்டு ஆகும் என்று தேதி குறிப்பது நேர்மையாகாது. ஐந்தாண்டில், பத்தாண்டில் என்று சொல்லப்பட்ட வாக்குகளைக் கேட்டுக்கேட்டே நரைத்த நோயாளிகள் பலர். ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம். அடக்கும் மருந்துகளில் முக்கியமான சில சிறுநீரகத்தைத் துன்புறுத்துபவை. ஆகவே செல் சிகிச்சைக்கு ஆள் தெரிந்தெடுக்கும் வைத்தியர்கள் முக்கியமாகப் பார்ப்பவற்றில் ஒன்று, சிறுநீரகம் நன்றாயிருக்கிறதா என்பது. இன்று ஊசியையும் பரிசோதனையையும் சிரத்தையோடு கடைப்பிடிப்பவரே நாளை வரும் சிகிச்சைக்கு உரியவராவார். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 1,441 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1993இல் வெளியிட்ட பெரும் ஆராய்ச்சியில், சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தினால் விழித்திரை நோய் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. சிறுநீரகமும் நரம்புகளும் அவ்வாறே காக்கப்பட்டன. பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் நிலையம், இன்சுலினோடு ஐம்பதாண்டு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் அளித்து கௌரவிக்கும். அப்பதக்கம் பெற்ற நானூறுக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது, மூன்றில் இரண்டு பங்கினரிடம் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சொந்த இன்சுலின் சுரப்பின் சுவடு இருந்தது! அழிந்துவிட்டன என்று பாடநூல்கள் எழுதிய செல்களில் சில, அத்தனை காலமும் தாக்குதலைச் சகித்துக்கொண்டு உயிரோடிருந்திருக்கின்றன. இதைவிட ஊக்கமளிக்கும் செய்தியை இத்துறையில் நான் படித்ததில்லை.

2021ஆம் ஆண்டுக்கு ஆராய்ச்சியாளர் செய்த மதிப்பீட்டின்படி உலகில் முதல் வகை நீரிழிவோடு வாழ்வோர் ஏறத்தாழ 84 லட்சம் பேர்; பிள்ளைப் பருவத்திலேயே இந்நோயைச் சுமப்போர் இந்தியாவிலேயே மிகுதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006இல் இளவயது நீரிழிவாளர் பதிவேட்டைத் தொடங்கி, 2022இல் முதல் வகைக்கெனத் தனி நெறிமுறையும் வெளியிட்டது. அந்நெறிமுறை மலையேறி வருவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இளைத்துத் தாகத்தோடு வரும் எந்தப் பிள்ளைக்கும் அன்றே விரல் நுனி இரத்தம் பார்ப்பது. மலைமேல் உள்ள சுகாதார நிலையத்தில் இரண்டு வகை இன்சுலினும் அதற்குரிய சிரிஞ்சும் பட்டையும் எந்த மாதமும் தீராதிருப்பது. மூன்று மாதத்துக்கொருமுறை, இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்காக இரத்தத்தை எடுத்தனுப்புவது. நோய் கண்டு சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு ஆண்டுதோறும் விழித்திரையையும் சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்னும் புரதத்தையும் பார்ப்பது. பதினெட்டு வயது நிறைந்த தினத்தில் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்காமல், வேலைக்குப் போகும் ஊரிலுள்ள மருத்துவமனைக்குக் காகிதத்தோடு மாற்றிக் கொடுப்பது. இவற்றையெல்லாம் திருவனந்தபுரமும் சென்னையும் கலந்து ஏற்பாடு செய்யவேண்டும். காந்தலூர் ஊராட்சி இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பினால், அண்டை ஊராட்சிகளான மறையூரும் வட்டவடையும் பின்தொடரும் என்று நம்புகிறேன்.